சந்தனம் வைத்த சிம் கார்டு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று தள்ளிப்போட்டே சில வருடங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன், முருகன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதத் தெரியாமல் எழுதி, சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டால்? சாமி கும்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நானே ஒரு கதை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டால்? இரண்டுக்கும் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், எழுத உட்கார்ந்தால் அந்த நாளை மறுபடியும் முழுசாக நினைக்க வேண்டுமே என்பது.  இருந்தாலும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரில். நானும் என் மனைவியும் மட்டும்தான். பிள்ளை இல்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயல் இழந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். என்னுடையதைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பக்கத்திலும் கொடுக்கத் தோதாக யாரும் இல்லை. கடைசியில் சிட்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து வைத்தோம். யாராவது இறந்துபோய், அந்த வீட்டார் மனசு வைத்து உறுப்பைக் கொடுத்தால், ரத்த வகை பார்த்து, வரிசை பார்த்துக் கூப்பிடுவார்கள்.

பதிந்த அன்றைக்கு அங்கே இருந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"போன் எப்ப வேணா வரும். வந்தா கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடி வரணும். நீங்க எடுக்கலைன்னா நாங்க அடுத்தவங்களைத்தான் கூப்பிடுவோம். எங்களால காத்திருக்க முடியாதுங்க, புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த போனுக்கு ஒரு பிள்ளைக்கு உண்டான மரியாதை. எனக்கென்று தனி போன் கிடையாது. கம்பெனிக்குள் எடுத்துப் போக விடமாட்டார்கள், அதனால் வாங்கவும் இல்லை. இருந்தது அவள் போன் ஒன்றுதான். அந்த நம்பரைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தோம்.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. சுற்றிலும் அடுக்கு வீடுகள் எழும்பிவிட்டன. நடுவில் எங்கள் ஓட்டு வீடு பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது. உள்ளே கொண்டுவந்தால் 'சேவை இல்லை' என்று வரும். ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பை கட்டி, அதில் போனை வைத்தால் ஒரு கோடு வரும், போகும். மழை மேகம் வந்தால் அதுவும் இல்லை. அவள் சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் காது அந்த ஜன்னல் பக்கமே இருக்கும். டயாலிசிஸ் முடிந்து வந்து துவண்டு படுப்பாள். படுத்தபடியே கேட்பாள்.

"யோவ், அது உயிரோட கீதா பாரு."

நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு கோடு இருந்தால் முருகா என்று வந்து படுப்பேன்.

எத்தனை நாள் இப்படிப் பயந்துகொண்டு இருப்பது? போன் கம்பெனியை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். நம்பர் அதேதான் இருக்க வேண்டும், சிம் மட்டும் வேறு கம்பெனிக்கு மாற வேண்டும். எந்தக் கம்பெனிக்கு என்று தெரிய வேண்டுமே. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் போனை வாங்கி உள்ளே எடுத்துப்போய்ப் பார்ப்பாள். பால்காரர் போனில் ஒன்றும் இல்லை. எதிர் அடுக்கு வீட்டில் ஐடி வேலை பார்க்கும் ஒரு பெண், விலை உயர்ந்த போனோடு வந்தது. அதிலும் ஒன்றும் இல்லை. பாவம், அந்தப் பெண்ணே பேசுவதற்கு மொட்டை மாடியில்தான் நடக்கும். ஒரு நாள் தண்ணீர் கேன் போடுகிற தம்பி கேனை இறக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் சமையற்கட்டிலேயே அவர் சட்டைப்பையில் போன் பாடியது. என் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தம்பி, இது இன்னா சிம்மு?"

அவர் சொன்னார். உள்ரூம் வரைக்கும் நடந்து பேசச் சொன்னாள். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பேசச் சொன்னாள். அவரும் பொறுமையாக நடந்தார். மறுமுனையில் யாரோ "எங்கடா கீற, கெணத்துலயா?" என்று திட்டுவது எங்களுக்கே தெளிவாகக் கேட்டது. முடிவாகிவிட்டது.

மெயின் ரோட்டில் ஒரு போன் கடை. ஓர் அம்மாதான் நடத்துகிறார். ஆளைப் பார்க்காமலேயே பேசுவார், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். சிம் என் மனைவி பெயரில் இருந்ததால் அவளையும் அழைத்துப் போனேன். கைரேகை வைத்தாள், போட்டோ எடுத்தார்கள், கண்ணை மூடித் திறக்கச் சொன்னார்கள். புது சிம்மை ஒரு சின்ன அட்டையோடு கையில் கொடுத்துக் கடைக்கார அம்மா சொன்னார்.

"மாறுறதுக்கு கொஞ்ச நாள் ஆகும்ணா. மெசேஜ் வரும். பழசுல சிக்னல் கட் ஆச்சுன்னா இதை எடுத்துப் போட்டுடுங்க. அவ்ளோதான்."

நானும் தலையை ஆட்டினேன். இங்கேதான் வினை. பழசில் சிக்னல் கட் ஆனால் என்றார். எங்கள் வீட்டில் அது எப்போது கட் ஆகாமல் இருந்தது? அதைக் கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

என் மனதில் இருந்த கணக்கு இதுதான். வீட்டில் பழைய பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. புது பல்பு வாங்கி வைத்திருக்கிறோம். நாம் கழற்றிப் போடுகிறவரை பழசு எரியும். சிம்மும் அப்படித்தான் என்று நினைத்தேன். நாம் மாற்றினால்தான் மாறும் என்று நினைத்தேன். எங்கோ ஆபீசில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே பழசை அணைத்துவிடுவார்கள், புதுசு உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கவலை இல்லை என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளித்து விளக்கேற்றி, சிம் அட்டையை முருகன் காலடியில் வைத்தாள். புதுசாக எது வந்தாலும் எங்களுக்கு அது வழக்கம். சைக்கிள் சாவி, மிக்சி, என் கம்பெனி அடையாள அட்டை எல்லாம் அங்கே இருந்துவிட்டுத்தான் புழக்கத்துக்கு வரும்.

சில நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது, அவள் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

"மெசேஜ் வந்துகீது. படி."

இங்கிலீஷில் இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். சிம் என்று இருந்தது, போர்ட் என்று இருந்தது, எங்கள் நம்பர் இருந்தது. மாறத் தயார், இனிமேல் புதுசைப் போடலாம் என்று சொல்கிறார்கள் போல என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டியிருக்கலாம். அதில் ஒரு நிமிட வேலை. நாம்தான் புரிந்துகொண்டோமே என்று இருந்துவிட்டேன். இன்று ராத்திரியே பழசு நின்றுவிடும் என்றுதான் அதில் போட்டிருந்தது.

"அப்ப போட்டுடலாமா?" என்றேன்.

அவள் சுவரில் காலண்டரைப் பார்த்தாள்.

"இன்னிக்கி அஷ்டமியா. நாளைக்கி நவமி. இது இன்னா சோப்பா சீப்பா, நெனச்ச நேரத்துல எடுக்க? எனக்கு உசுரு வர்ற போனு. தசமி காலைல போடு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மனசாரச் சொல்கிறேன், அவள் மட்டும் சொன்னதில்லை, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய காரியத்தை அஷ்டமி நவமியில் தொடங்குவோமா?

நவமி அன்று வேலைக்குப் போய்விட்டேன். வானம் மூடிக்கொண்டு இருந்தது. சாயங்காலம் வந்து ஜன்னல் பையில் பார்த்தேன். 'சேவை இல்லை.'

"காலைலேர்ந்தே இப்டித்தான் கீது" என்றாள். "மேகம் மூடிக்கினு கீதில்ல. நாளைக்கித்தான் புதுசு போடப் போறோமே, உடு."

விட்டேன். ராத்திரி நன்றாகவே தூங்கினோம். 

தசமி காலையில் குளித்து, கற்பூரம் காட்டி, அவள் சிம்மை அட்டையிலிருந்து பிரித்தாள். விரலில் சந்தனம் தொட்டாள். ஒரு பக்கம் வெறும் பிளாஸ்டிக், இன்னொரு பக்கம் தங்க நிறம். தங்கப் பக்கம்தான் முகம் மாதிரி இருக்கிறது என்று அதன் மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். சந்தனத்தின் மேல் குங்குமம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவள் புடவை ஊக்கை வாங்கிப் போனின் ஓட்டையில் குத்தித் தட்டை இழுத்தேன். பழசை எடுத்தேன். புதுசை வைத்துத் தள்ளினேன்.

'சிம் இல்லை' என்று வந்தது.

எடுத்து ஊதினேன். மறுபடி போட்டேன். 'சிம் இல்லை.' அணைத்து ஏற்றினேன். 'சிம் இல்லை.' அப்போதுதான் சந்தனத்தின் மேல் சந்தேகம் வந்து வேட்டியில் துடைத்தேன். அது காய்ந்துபோய்த் தூளாக உதிர்ந்தது. குங்குமம் தங்கம் முழுக்க அப்பிக்கொண்டது. போன் தட்டிலும் சிவப்பாகத் தூள். அவள் ஈரத் துணி கொண்டுவந்தாள். துடைக்கத் துடைக்க உள்ளே போயிற்றே தவிர வெளியே வரவில்லை.

"சரி, பழசையே போடு" என்றாள். "கடை தொறந்ததும் பாத்துக்கலாம்."

புதுசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழசைப் போட்டேன். சிம் இருக்கிறது என்று காட்டியது. சேவை இல்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், இல்லை. தெருவுக்கு வந்தேன், இல்லை. மேகமே இல்லாத வானம், நல்ல வெயில். எப்போதும் இரண்டு கோடு வரும் முனைக் கம்பத்தடியில் போய் நின்றேன். அங்கேயும் இல்லை.

அங்கே நிற்கும்போதுதான் முதல் தடவையாக, இது மேகத்தால் வந்தது இல்லை என்று பட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் தம்பி வண்டியில் வந்தார். கை காட்டி நிறுத்தி, எங்கள் நம்பருக்கு ஒரு போன் போடச் சொன்னேன். போட்டு என் காதில் வைத்தார். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாகச் சொன்னது. நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

என் கையில் போன் எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் குரல் அணைந்துவிட்டது என்கிறது. யார் கூப்பிட்டிருந்தாலும் இந்தக் குரலைத்தானே கேட்டிருப்பார்கள்? எப்போதிலிருந்து?

"இன்னாண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு? ஒக்காரு முதல்ல" என்றார் அவர். உட்காரவில்லை. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கிவிட்டார்.

கடை ஷட்டர் மூடியிருந்தது. அந்த ஷட்டர் முன்னால் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கந்த சஷ்டிக் கவசத்தை ஆரம்பிப்பேன், பாதியில் விட்டுப் போய்விடும். மறுபடி ஆரம்பிப்பேன். கடைக்கார அம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது ஓடிப்போய் முன்னால் நின்றேன். சிம்மை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது! சிம்முக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி சடங்கு பண்ணீங்களா? மாலை எங்க?"

நான் சிரிக்கவில்லை. அவர் கடைக்குள் போய் ஏதோ ஒரு தண்ணீரைப் பஞ்சில் தொட்டு சிம்மைத் துடைத்தார். ஒரு பல்லு பிரஷ்ஷால் போன் உள்ளே தட்டினார். குங்குமம் மேஜை மேல் உதிர்ந்தது. உதிர உதிர வாய் ஓயாமல் திட்டினார்.

"உங்கள மாரி ஆளுங்களுக்கு வீபூதி வெச்ச போனாவே குடுக்கணும். நேத்தே போட்டிருக்கணும் இத. பழசு முந்தாநேத்து ராத்திரியே செத்துப் போச்சு."

"முந்தாநேத்தா?"

"அஷ்டமி ராத்திரிண்ணா, உங்க கணக்குல சொன்னா. மெசேஜ்ல போட்டிருப்பானே."

"அப்ப நேத்து முழுக்க..."

"நேத்து முழுக்க யார் கூப்பிட்டாலும் போயிருக்காது. ஏன், யாராச்சும் முக்கியமான ஆளு கூப்பிடுவாங்களா?"

சொன்னேன். மனைவியின் சிறுநீரகம், ஆஸ்பத்திரி, அந்த ஒரே நம்பர் எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டிருந்தார். அதற்குப் பிறகு கிண்டல் ஒன்றும் வரவில்லை. சிம்மைப் போட்டு, போனை ஏற்றி, மேஜை நடுவில் வைத்தார். இரண்டு பேரும் அதையே பார்த்தபடி நின்றோம்.

கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. நிறைய ஏறின. எங்கள் போனில் அத்தனை கோடுகளை நான் பார்த்ததே இல்லை. ஒரு நம்பருக்குப் போட்டு, என் மனைவியின் ஆதார் கடைசி எண்களைக் கேட்டு அழுத்தி, "ஆயிடுச்சுண்ணா" என்றார்.

உடனே மெசேஜ்கள் விழ ஆரம்பித்தன. டிங், டிங் என்று. புதுக் கம்பெனி வரவேற்கிறது என்று ஒன்று. பிறகு, உங்களை இந்த நம்பர் கூப்பிட்டது, கிடைக்கவில்லை என்று ஒன்று. அதே நம்பர் மறுபடி. மறுபடி. எல்லாம் நவமி அன்று, மத்தியானத்துக்கு முன்னால். சிட்டி லேண்ட்லைன் நம்பர்.

மனைவியின் ஆஸ்பத்திரி அட்டையை நான் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன். எடுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு எண்தான் வேறு. முன்னால் இருந்த எல்லாம் அதே.

கடைக்கார அம்மா தன் போனிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "நேராப் போயிடுங்கண்ணா" என்றார். "இங்க நின்னு இன்னா பண்ணப் போறீங்க."

வீடு வரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தேறவில்லை. அவள் வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"வந்துச்சா?"

"நேத்து வந்துகீது."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.  பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"கெளம்பு."

ஷேர் ஆட்டோவில் ஆவடி போய் ரயில் ஏறினோம். போனை நான் கையிலேயே வைத்திருந்தேன், வியர்வையில் வழுக்கியது. அவள் ஜன்னல் பக்கம். அவள் ஏதாவது பேசிவிட்டால் தேவலை என்று இருந்தது. என்னைத் திட்டினால் தேவலை. சாமியைத் திட்டினால்கூட, அன்றைக்கு மட்டும், தேவலை என்று இருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதைச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இவள் இனி எத்தனை நாள், எத்தனை ஊசி என்று என் மனசு போய்க்கொண்டே இருந்தது. வில்லிவாக்கம் தாண்டும்போது போன் அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதன் மேல் பாய்ந்தோம்.

"வணக்கம் சார், உங்களுக்குப் பிடிச்ச பாட்டைக் காலர் டியூனா வைக்கணுமா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரில் இருந்தவர் என்ன என்று கேட்டார். பாட்டு விற்கிறார்களாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை தடவை கூப்பிட்டோம் தெரியுமா? ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு நம்பர் குடுத்திருந்தீங்களே, அது உபயோகத்துலயே இல்லைன்னு வருது."

பெயர் பதிந்த அன்று அவசரத்துக்கு என்று கொடுத்து, நாங்களே மறந்துபோன என் மச்சானுடைய நம்பர் அது. அவர் துபாய்க்கு வேலைக்குப் போய், இங்கே அந்த சிம்முக்குப் பணம் போடாமல் விட்டு, அது எப்போதோ செத்துவிட்டது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அஷ்டமி, நவமி, சந்தனம், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"உங்க குரூப்புக்கு மூணு பேரைக் கூப்பிட்டோம்மா. ரெண்டு பேர் வந்தாங்க. டெஸ்ட்ல ஒருத்தருக்குப் பொருந்துச்சு. ராத்திரியே ஆபரேஷன் முடிஞ்சிருச்சு."

"நாங்க வந்திருந்தா?" என்று நான் கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க. உங்களுக்குப் பொருந்தியிருக்கலாம். பொருந்தாமலும் போயிருக்கலாம். பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரலை. தெரியாது, அதான் உண்மை."

 கிடைத்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கிடைத்திருக்கும் என்றால் அழுது தீர்த்திருப்பேன். அந்தத் 'தெரியாது' இருக்கிறதே, அதுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

 என் மனைவி அப்போதுதான் கேட்டாள்.

"வாங்கினவங்க நல்லா கீறாங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா. யாருன்னு மட்டும் நாங்க சொல்லக் கூடாது."

"பேரு வாணாம்மா. நல்லா கீறாங்கன்னா சரி." பிறகு, "என் பேரு இன்னும் லிஸ்ட்ல கீதா?" என்றாள்.

"இருக்கு. அப்படியேதான் இருக்கு." கூடுதலாக வேறு நம்பரும் அந்த அம்மா கேட்க, எதிர்வீட்டுப் பெண்ணின் நம்பரையும் கேன் தம்பி நம்பரையும் மறுநாள் வாங்கிக் கொடுத்தோம். எனக்கும் அந்த வாரமே ஒரு போன் வாங்கினேன். கம்பெனியில் மேனேஜரிடம் போய் நின்று, மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினேன்.

அன்று திரும்பும்போது ஆவடியில் இறங்கியதும் அவள் நேராக வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். எனக்குப் பயம். அங்கே போய் உடைந்துவிடுவாளோ, சாமி முன்னால் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயம். அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது சாமி" என்றாள். "நேத்து ஒருத்தங்களுக்கு ஆபரேஷன் ஆச்சு. அவங்களுக்கு. அப்புறம், ஒருத்தங்க குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கும்."

குருக்கள் கொஞ்சம் யோசித்து, சாமி பெயருக்கே பண்ணிவிடுகிறேன் என்று பண்ணினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய மனசு இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஏன் எங்களுக்கு இல்லை என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.  தீபாராதனை வெளிச்சத்தில் அவள் முகம் வீங்கியிருந்தது மட்டும் தெரிந்தது.

அவள் இன்னும் காத்திருக்கிறாள். டயாலிசிஸ் போகிறாள், வருகிறாள். வீட்டுக்குள் இப்போது எல்லாக் கோடும் வருகிறது. ஆனாலும் நான் ராத்திரி ஒரு தடவை எழுந்து, என் போனிலிருந்து அவள் போனுக்கு அடித்துப் பார்ப்பேன். அடித்தால்தான் தூக்கம். அவளும் திட்டுவதில்லை. எடுத்து, "உயிரோட கீது, படு" என்று வைத்துவிடுவாள். டவர் வேலை செய்யாத நாட்களில் இரண்டு பேரும் சாப்பிடுவதில்லை. இது விரதம் இல்லை, தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

இத்தனை நாள் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் என்னிடம் ஒரு கதை சொன்னதுதான் காரணம். அவர்களும் சிம் மாற்றப் போகிறார்களாம். "வெள்ளானூர் பக்கம் ஒரு அம்மா சிம்முக்குப் பூஜை போட்டு, ஆஸ்பத்திரி போனை எடுக்காம செத்தே போச்சாம் அங்கிள்" என்றது. என் மனைவி பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "செத்தவ நான்தான்" என்றாள். அந்தப் பெண் பயந்தே போய்விட்டது. இவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவிலேயே இன்னொரு விதமாகச் சொல்கிறார்கள். நவமியில் சிம்மைப் போட்டிருந்தால் அந்த ஆபரேஷனில் அவள் போயிருப்பாள், முருகன்தான் சந்தனத்தை வைத்து மறைத்தான் என்று. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதுவும் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அதனால் படிக்கிறவர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இப்படிப் போனுக்காகக் காத்திருக்கிறவர்கள் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றினால் பழைய சிம் தானாகவே நின்றுவிடும், நாள் பார்க்காது. புதுசை அன்றைக்கே போட்டு, வேறு போனிலிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். பொட்டு வைக்க மனசு கேட்டால் அட்டைக்கு வையுங்கள், தங்கப் பக்கத்துக்கு வேண்டாம். இரண்டாவதாகக் கொடுத்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சொல்லும்போது நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். சாமி தண்டித்தார் என்று சேர்க்க வேண்டாம், சாமி காப்பாற்றினார் என்றும் சேர்க்க வேண்டாம். அவள் செத்துவிட்டாள் என்று மட்டும், தயவுசெய்து, யாரும் சொல்லாதீர்கள். அவள் உள்ளே உலை வைத்துக்கொண்டிருக்கிறாள்.